நாற்பத்தொரு குருவிகள்

அக்டோபர் 9, புதன்

என் தம்பி ஆவுடையப்பன் நன்றாக இருக்கக் கூடாது என்று இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை அதற்கு ஒரு பதில் வந்த மாதிரி இருக்கிறது.

ஐந்தே முக்காலுக்கு வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். படியில் ஒரு குருவி மல்லாந்து கிடந்தது. பச்சை முதுகு, இறக்கையில் ஒரு திட்டு நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கத்துவதால் அந்தப் பெயர். வருடா வருடம் புரட்டாசிக் கடைசியில் வடக்கே இருந்து வந்து வீட்டுக்கு எதிரே எங்கள் தோப்பில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும்.

தோப்பு இப்போது இல்லை. அந்த இடத்தில் ராஜரீகம் பட்டு மாளிகை நிற்கிறது. ஐந்து மாடி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குள் வெள்ளை விளக்கு. மொட்டை மாடியில் வானத்தைத் துழாவுகிற இரண்டு பெரிய போகஸ் லைட்டுகளைத் தீபாவளி விற்பனைக்காகப் போன வாரம் ஏற்றினார்கள். கடையைப் பத்து மணிக்குச் சாத்தினாலும் விளக்கு விடிய விடிய எரிகிறது. என் படுக்கையறையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கலாம். காக்கைகள் ராத்திரி ஒன்றரைக்கே கரைகின்றன.

தோப்பை விற்றவன் ஆவுடை. அதற்குக் கூலி, அதே கடையில் மேனேஜர் நாற்காலி.

குருவியின் அலகில் ரத்தம் உறைந்திருந்தது. கையில் எடுத்தால் கழுத்து துவண்டது. முப்பத்தோரு வருடம் அரசு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தவள் நான். எதையும் தேதி போடாமல் வைத்துப் பழக்கமில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, நாள், நேரம், கிடந்த இடம் எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் தேங்காய்ச் சில்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எனக்குப் பறவைகள் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஆவுடையின் கடை ஒரு உயிரைக் கொன்றிருக்கிறது என்பதில் எனக்கு இருக்கிற பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்டோபர் 10, வியாழன்

ஒன்றும் விழவில்லை. இட்லிக்கு அரைத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கடை வாட்ச்மேன் மாசானம் பொரி கொண்டுவந்து கொடுத்தான். நல்ல மனுஷன். அவன் பெண்டாட்டிக்கு ஒரு காலத்தில் நான்தான் ரத்தம் எடுப்பேன். அதனால் இன்றைக்கும் என்னை லேபம்மா என்றுதான் கூப்பிடுவான். குருவியைப் பற்றிக் கேட்டேன்.

"அது டெய்லி கெடக்கும்லா லேபம்மா. காலைல கூட்டும்போது ஒண்ணு, ரெண்டு. குப்பை வண்டில போட்டிருவேன். கஸ்டமர் வாரதுக்கு முன்ன கூட்டிருன்னு மேனேஜர் சார் சொல்லிருக்காவ."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவியதான் முறம் வாங்கிக் குடுத்ததே."

ஆக, அவனுக்குத் தெரியும். தெரிந்தே பெருக்கித் தள்ளச் சொல்லியிருக்கிறான். இதைவிட நல்ல செய்தி இந்த வருடம் என் காதில் விழவில்லை. இனிமேல் விழுவதைக் குப்பை வண்டியில் போடாமல் எனக்குக் கொடு என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மாசானம் இரண்டு கொடுத்தான். ஒன்று ஆறுமணிக் குருவி, மற்றது பெயர் தெரியாத பழுப்புக் குருவி. ஃப்ரீசரில் இடம் போதவில்லை. தேங்காய்ச் சில்லை எடுத்துத் துவையல் அரைத்துவிட்டேன்.

மத்தியானம் கலெக்டருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். குருவியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பேனா ஆவுடையிடம் போய் நின்றுவிடுகிறது. மனுவில் எழுத முடியாததை இங்கே எழுதிவிட்டால் கை அடங்கும்.

அம்மா போய்ப் பதினாறு முடிந்த மறுவாரம் ஆவுடை ஒரு தாம்பாளத்தோடு வந்தான். வெற்றிலை பாக்கு, பூ, மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை, புடவைக்கு அடியில் விடுதலைப் பத்திரம். கூடப் பிறந்தவளிடம் பாகத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது எங்கள் பக்கம் இப்படித்தான் கேட்பார்கள். விஷயம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். கல்யாணம் கட்டாதவளுக்கு வீடு போதும், தோப்பு எதற்கு. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மரத்துல கை வைக்க மாட்டியே?"

"உன் மேல சத்தியம்க்கா."

நாலாம் மாதம் ஜேசிபி வந்தது. முப்பத்தெட்டு மரம், இரண்டு நாள் வேலை. சத்தியம் பலிக்கிறதாக இருந்தால் நான் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். புடவையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினேன். அன்றிலிருந்து அவன் நீட்டுகிற எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, அவன் வீட்டுப் படி மிதிப்பதில்லை.

அக்டோபர் 14, திங்கள்

மனுநாள். எட்டரைக்கே போயும் எனக்கு முன்னால் இருநூறு பேர். நாலு பக்க மனு, புகைப்படங்கள், தேதிவாரியாகப் பட்டியல். வாங்கிய அதிகாரி, "குருவிக்கா?" என்றார். "குருவிக்குத்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, வனத்துறைக்கு அனுப்புங்கள் என்று மூலையில் எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல நாள்.

அக்டோபர் 17, வியாழன்

வனச்சரகர் வந்தார். ஜெசிந்தா என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஃப்ரீசரைத் திறந்து காட்டினேன். ஏழு பை.

"லேபிள்லாம் சூப்பரா போட்டிருக்கீங்கம்மா. ஆனா செத்த குருவிய வீட்ல வச்சிருக்கறதே சட்டப்படி தப்பு."

அவர் ஏழையும் எழுதி வாங்கிக்கொண்டார். இனிமேல் விழுவதைத் தொடாமல் படம் எடுத்துத் தனக்கு அனுப்பச் சொன்னார். பிறகு மொட்டை மாடிக்கு ஏறி அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுங்க ராத்திரிலதான் பறக்கும்மா. நட்சத்திரத்தப் பாத்து வழி கண்டுபிடிக்கும். மேகம் எறங்கிட்டா நட்சத்திரம் தெரியாது, கீழ இருக்கற வெளிச்சம்தான் தெரியும். அதுக்குள்ள வந்துட்டா வெளிய போக வழி தெரியாம சுத்திச் சுத்தி ஓஞ்சு போயி கண்ணாடில அடிச்சுக்கும். இப்ப விழறது கம்மி. மழைக்காத்து வந்து மேகம் தாழ எறங்கற அன்னைக்குத்தான் இருக்கு. அதுக்குள்ள இந்த லைட்ட அணைச்சாகணும்."

அதிகாரமாக அணைக்கச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். கோட்டாட்சியர் விசாரணை வைத்து உத்தரவு போட்டால்தான் முடியும், அது 28-ம் தேதி என்றார். கடைக்காரர்களிடம் இன்றே பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசட்டும். ஆவுடை நெளிவதைப் பார்க்க அங்கே நான் இல்லையே என்பதுதான் வருத்தம்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று மூன்று. நல்லது.

நல்லது என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆவுடை வந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. கையில் தாம்பாளம்! அதே வெற்றிலை, அதே பூ, அரக்கு நிறத்தில் ஒரு புடவை, அதற்கு அடியில் ஒரு தாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"ஏல, மறுபடியும் தாம்பாளமா? ஒரு தடவ பட்டது போதாதா?"

"எக்கா, தீவாளிக்கு உனக்குச் சேலை. காயிதத்த மொதல்ல வாசிச்சுப் பாரு. மொதலாளிட்ட மூணு நாளாப் பேசி..."

"உன் காயிதத்த வாசிச்ச லெச்சணந்தான் எதுக்க அஞ்சு மாடியா நிக்கே. எடுத்துட்டுப் போ."

"கையெழுத்துப் போட்டேன்னா இன்னைக்கு ராத்திரியே..."

"போல வெளிய."

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டான். தாளை மட்டும் சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனான். நான் அதை வாசிக்கவில்லை. அவன் கொண்டுவருவதை வாசிப்பதாக இல்லை. அரிசி டிரம்முக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ராத்திரி நல்ல தூக்கம்.

அக்டோபர் 21, திங்கள்

அணைக்க வேண்டும் என்று மனசு இருந்தால் பத்து மணிக்குத் தானாக அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. அதற்கு நான் மனுவைத் திரும்ப வாங்க வேண்டுமாம். கார்த்திகை பதினைந்து வரை, நவம்பர் முப்பது வரை என்று பெரிய வள்ளல் மாதிரி கணக்கு வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. விசாரணையில் ஊர் பார்க்க அவன் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.

படம் எடுத்தவை இரண்டு.

அக்டோபர் 23, புதன்

சாயங்காலம் மறுபடி வந்தான். தாம்பாளம் இல்லை, வெறுங்கை. வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டே பேசினான். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"எக்கா, என்னைய ஏசு, செருப்பால வேணும்னாலும் அடி. அதுல ஒரு கையெழுத்து போட்டுரு. மொதலாளி மனசு மாறுததுக்குள்ள..."

பக்கத்து வீட்டு சன்னல் திறந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கெஞ்சினால் தேவலை என்று தோன்றியது. அரைமணி நேரம் நின்றான். கீரை முடிந்து பூண்டும் உரித்துவிட்டேன். கதவைச் சாத்தியபோது போய்விட்டான்.

இன்னும் ஒரு தடவை வருவான். வரட்டும். மூன்றாவது தடவை வந்தால் யோசிக்கலாம்.

அக்டோபர் 25, வெள்ளி

ஜெசிந்தா போன் செய்தார். கடலில் காற்றழுத்தம், நாளை ராத்திரி மேகம் தாழ இறங்கும் என்றார். "கடை மேனேஜர் ஏதோ ஏற்பாடு பண்றதா சொன்னாரும்மா. உங்ககிட்ட வந்தாரா?"

"வரலியே" என்றேன்.

காஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புதிதுக்குச் சொல்லியிருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை எண்ணினோம். நானும் மாசானமும் ஜெசிந்தாவும் இரண்டு வனக்காவலர்களும்.

நாற்பத்தொன்று.

கடை முன் தளத்தில் பதினெட்டு. கார் நிறுத்துமிடத்தில் பதினொன்று. என் வாசலிலும் மாடியிலும் ஒன்பது. சாக்கடையில் மூன்று. ஆறுமணிக் குருவிகள் மட்டும் இருபத்துநாலு. மற்றவற்றின் பெயர்களை ஜெசிந்தா எழுதிக்கொண்டார். இவற்றில் உயிரோடு இருந்தவை ஆறு. அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்தோம், அதில் நாலு பிழைத்துவிடும் என்றார். பத்திரிகைக்காரர்கள் மூன்று பேர் வந்து ஈரத் தரையில் வரிசையாகக் கிடத்தியதைப் படம் எடுத்தார்கள். நானும் படத்தில் இருக்கிறேன்.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குத் தூறல் ஆரம்பித்தது. மேகம் கடையின் உச்சியில் வந்து படுத்துவிட்டது. பதினொன்றரை வாக்கில் கதவு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். காற்றாக இருக்கும். ஒரு மணிக்கு மேல் எதிரே வெளிச்சம் போய்விட்டது, கரண்டு கட் போலிருக்கிறது. என் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு வேறு லைனாக இருக்கலாம்.

அக்டோபர் 28, திங்கள்

ஜெயித்துவிட்டேன்.

முதலாளி சூரத்துக்குக் கொள்முதலுக்குப் போயிருக்கிறாராம். கடைக்காக ஆவுடை மட்டும்தான் வந்திருந்தான். கோட்டாட்சியர் இன்றைய பேப்பரையும் ஜெசிந்தாவின் அறிக்கையையும் மேஜையில் விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மனு கொடுத்ததுக்கு அப்புறம் கடைத் தரப்புல விளக்கை அணைக்க ஏதாச்சும் முன்வந்தாங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்."

ஆவுடையைக் கேட்டார். ஆவுடை என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தால் என்ன சொல்வது என்று நான் தயாராக வைத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார்" என்றான்.

உத்தரவு: நவம்பர் முப்பது வரை ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடி விளக்கும் கண்ணாடி முகப்பு விளக்கும் எரியக் கூடாது. கோட்டாட்சியர் அறைக்கு வெளியே பேப்பரில் வந்த என் படத்தை யாரோ காட்டினார்கள். ஆவுடையைக் கோட்டாட்சியர் எழுப்பி நிறுத்தி, மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் பார்த்தார்கள். இந்த இரண்டு வருடமாக எதை நினைத்து நினைத்துப் படுத்தேனோ, அச்சு அசலாக அதுதான் நடந்தது.

வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினேன்.

உத்தரவின் வாசகம் அந்தத் தாளில் இருந்ததுதான். பத்து மணி, முப்பதாம் தேதி. ஒரு சொல் கூடுதல் குறைவு இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அல்வாவில் கை வைக்கவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

மாசானத்தைக் கூப்பிட்டு அல்வாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம் லேபம்மா."

"ஏன்? சுகர் வந்துட்டா?"

"சார வேலைய விட்டு எடுத்திட்டாவ. திங்கக்கெழம சாயங்காலமே சாவிக்கொத்த வாங்கிட்டாவ."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மறைப்பானேன். "கோர்ட்டு கச்சேரின்னு இழுத்துவிட்டா எந்த மொதலாளி வச்சிருப்பான்" என்றேன்.

"அதுக்கில்ல. அன்னைக்கு ராத்திரி லைட்ட அணைச்சதுக்கு. மொதலாளி போன்ல, சேல்ஸ் நேரம், தொட்டா கைய ஒடைப்பேன்னுட்டாரு. சாரு ஒரு மணி வரைக்கும் மாடில நின்னு பாத்தாவ. பெறவு அவியளே போயி மெயினை எறக்கிட்டாவ. கேமராவுல பதிஞ்சிட்டு." என்னைப் பார்க்காமல் சொன்னான். "அதுக்கு முன்னால உங்க கதவ நான் எத்தன தடவ தட்டினேன். அக்கா போட்டா மொதலாளிட்ட சொல்லி இப்பவே அணைச்சிரலாம், போயி கேளுன்னு சாருதான் அனுப்பினாவ. உள்ள லைட்டு எரிஞ்சுதே லேபம்மா. உங்க நெழலு தெரிஞ்சுது."

அல்வாப் பொட்டலத்தை என் கையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த நாட்குறிப்பில் பொய் எழுதியிருக்கிறேன். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று எனக்கே பொய் சொல்லியிருக்கிறேன். இருபதாம் தேதி அவன் தெரு முனை தாண்டுவதற்குள் அந்தத் தாளை எடுத்து வாசித்துவிட்டேன். அவன் கையெழுத்தில் பன்னிரண்டு வரி. சூது ஒன்றும் இல்லை. சூது இருக்கும் என்று மூன்று தடவை தேடினேன். இருபத்தாறாம் தேதி ராத்திரி தட்டியது காற்று இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சன்னல் வழியாக வெளிச்சத்தில் குருவிகள் சுற்றுவது தெரிந்தது. மாடித் தகரத்தில் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. இன்னும் விழட்டும், விழ விழ அவனுக்குத்தான் கேடு என்று நினைத்தேன். இன்னொன்று விழுந்தது. அதையும் எண்ணினேன்.

தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்கள் உண்டு. நான் என் மூக்கைத் தொடக்கூட இல்லை.

நவம்பர் 2, சனி

ஆவுடை வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அவன் கைலியோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தான்.

"விசாரணைல ஏம்ல வாயத் தொறக்கல?"

"தொறந்து?"

"நான் மறைச்சேன்னு சொல்லிருக்கலாம்லா. இப்பவும் நானே போயி சொல்லிருதேன். திங்கக்கெழம மனுநாளு."

அவன் எழுந்துவிட்டான். "சொல்லிப்போடாத. கடை தானா அணைக்க வந்துச்சு, இவதான் காயிதத்த ஒளிச்சு வச்சான்னு தெரிஞ்சா மொதலாளி வக்கீல வச்சு ஒரே நாள்ல ஆர்டர நிறுத்திப்போடுவான். காயிதம் தொலைஞ்சு போச்சுன்னு அவன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். குருவி வாரது முடியட்டும். இந்த மாசம் போட்டும்."

"அதுவரைக்கும் ஊரெல்லாம் உன்னையல்லா காறித் துப்பும்?"

"துப்பட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. இவன் எப்போது இவ்வளவு யோக்கியன் ஆனான்? முறம் வாங்கிக் கொடுத்து அள்ளித் தள்ளச் சொன்னவன்தானே என்று கேட்டேன்.

"ஆமா. செத்தது குப்பைதானன்னு நெனச்சேன். அன்னைக்கு மாடில நின்னப்பதான் உயிரோட பாத்தேன். மழையோட மழையா நூறு நூத்தம்பது இருக்கும், லைட்டுக்குள்ளயே சுத்துது. ஒவ்வொண்ணும் கத்துது. ஒரு எட்டு தள்ளிப் போனா இருட்டு, தப்பிச்சிரும். போகத் தெரியலக்கா. உன்னைய கூப்பிட்டுக் காட்டணும்னு இருந்துச்சு. நீ கதவத் தொறக்கல."

"மரத்த வெட்டினதுக்கு உன்னைய மன்னிக்க மாட்டேன்" என்றேன்.

"மன்னிக்காண்டாம்" என்றான்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் ஏசியிருப்பேன். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருப்பேன். இப்படி ஒரு அடியை அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை. என் குற்றத்தையும் சேர்த்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். நான் வாயைத் திறந்தால் குருவி சாகும். திறக்காவிட்டால் அவன் அவமானப்படுவான். அதைத்தானே இரண்டு வருடமாகக் கேட்டேன், கிடைத்ததும் விழுங்க முடியவில்லை.

நவம்பர் 9, சனி

மார்க்கெட்டில் காய்க்காரி, "உங்க தம்பி பாவி, கொலைகாரப் பாவி" என்றாள். கத்தரிக்காயை வாங்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 16, சனி

மழை. மேகம் தாழ இருந்தது. எதிரே இருட்டு. ராத்திரி முழுக்க மாடியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் விழவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஆவுடை ஒரு சிமெண்டுக் கடையில் நிற்கிறானாம். ரோட்டில் எதிரே வந்தான். இரண்டு பேரும் பேசவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

ஜெசிந்தா வந்திருந்தார். மாடி விளக்குகளுக்கு அனுமதியே வாங்கவில்லையாம். நேற்று ஆள் வைத்துக் கழற்றிவிட்டார்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போடவும் கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இனி என் மனு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எரியாது. "எல்லாம் உங்களாலதாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை உருவிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

டிசம்பர் 2, திங்கள்

மனுநாள். ஏழரைக்கே போய்விட்டேன். இந்தத் தடவை மனு இரண்டே பக்கம். அக்டோபர் இருபதாம் தேதி கடை மேனேஜர் ஆவுடையப்பன் விளக்கை அணைக்க முன்வந்தார் என்பது, அந்தத் தாளை வாசித்தும் மறைத்தது, வனச்சரகரிடம் பொய் சொன்னது, இருபத்தாறாம் தேதி ராத்திரி கதவைத் திறக்காதது, விசாரணையில் பொய் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் தேதியும் நேரமும் போட்டிருக்கிறேன். அவன் எழுதிய தாளையும் இணைத்திருக்கிறேன். கடைசி வரி: மேற்படி நபர் மீது தக்க நடவடிக்கை எடுத்து, விவரத்தைப் பத்திரிகைகளுக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தீங்கு செய்த யாரையும் என் ஆயுசில் நான் சும்மா விட்டதில்லை. அத்தனை குருவிகளுக்குச் செய்தவளை மட்டும் எப்படி விடுவது?

பதிவு மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மனுதாரர் பேரு?"

"உலகம்மாள்."

"யார் மேல மனு?"

"உலகம்மாள்."

"அது உங்க பேரும்மா. நீங்க யார் மேல குடுக்கிய?"

"அவ மேலதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. மறுபடி குனிந்து, "விலாசம் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.